பர்கண்டி ஒயினும் அதன் மண்ணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் ஒயின் என்றால் போர்தோ, ஷாம்பெயின், பர்கண்டி என்ற மூன்று பெயர்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். இவற்றில் புதிதாக வருபவரை அதிகம் குழப்புவது பர்கண்டிதான். ஒருமுறை பிடித்துப்போனால் லேசில் விடாததும் அதுதான். ஒயின் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

பர்கண்டி எங்கே இருக்கிறது?

பாரிஸுக்குத் தென்கிழக்கே, கிழக்கு பிரான்ஸில். பிரெஞ்சுக்காரர்கள் பூர்கோஞ் என்பார்கள். டிஜோன்தான் பெரிய நகரம். ஆனால் ஒயினுக்குத் தலைநகரம் அதற்குத் தெற்கே உள்ள போன் என்ற சிறிய ஊர். திராட்சைத் தோட்டங்களின் மொத்தப் பரப்பு சுமார் 30,000 ஹெக்டேர். போர்தோவில் இதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு உண்டு.

வடக்கே தனியாகத் தள்ளி நிற்கிறது ஷாப்லி. டிஜோனிலிருந்து தெற்கே வந்தால் கோத் த நுயீ, கோத் த போன், கோத் ஷலோனேஸ், மாக்கோனே என்று வரிசையாக வரும். இதில் முதல் இரண்டும் சேர்ந்ததுதான் கோத் தோர். சுமார் 50 கிலோமீட்டர் நீளம், அகலம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோமீட்டர், கிழக்கு பார்த்த ஒரு சரிவு. உலகம் பேசும் பர்கண்டிப் பெயர்களில் பெரும்பாலானவை இந்தச் சிறிய பட்டைக்குள்தான் இருக்கின்றன. இன்னும் தெற்கே போனால் பொஜொலே. அதன் திராட்சை வேறு, குணம் வேறு, அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

பாட்டில் லேபிளில் திராட்சையின் பெயர் ஏன் இருப்பதில்லை?

அங்கே அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சிவப்பு என்றால் பினோ நுவார், வெள்ளை என்றால் ஷார்டொனே. விதிவிலக்குகள் உண்டு, முக்கியமானது அலிகோத்தே என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சை. அதன் பெயரை மட்டும் லேபிளிலேயே போட்டுவிடுவார்கள்.

இந்தத் திராட்சைகள் எல்லாம் ஒரே குடும்பம் என்பது மரபணுச் சோதனையில் தெரியவந்தது. ஷார்டொனே, அலிகோத்தே, காமே என்ற இன்னொரு சிவப்புத் திராட்சை ஆகிய மூன்றுக்கும் ஒரு பக்கம் பினோ, மறுபக்கம் கூவே பிளான் என்ற பழைய, யாரும் பெரிதாக மதிக்காத வெள்ளைத் திராட்சை. விவசாயிகள் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்த இரண்டு வகைகள் தாமாகவே கலந்து பிறந்த பிள்ளைகள் இவை.

எல்லாம் ஒரே திராட்சை என்றால் சுவையும் ஒன்றாகத்தானே இருக்கும்?

இந்தக் கேள்விக்குள்தான் மொத்த பர்கண்டியும் அடங்கியிருக்கிறது. திராட்சை மாறாமல் இருப்பதால்தான் மண்ணின் வித்தியாசம் தெரிகிறது. நம் ஊர்ப்பக்கம் மேட்டுக்காடு, கிணத்தடி வயல் என்று ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்களே, அதுபோல அங்கேயும் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் உண்டு. அப்படிப் பெயரும் எல்லையும் வரலாறும் உள்ள துண்டை 'கிளிமா' என்கிறார்கள். கோத் தோர் சரிவில் உள்ள 1,247 கிளிமாக்களை யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

புலினி ஊரின் சரிவைப் பாருங்கள். நடுவில் மோன்ராஷே, 8 ஹெக்டேர்தான். அதற்கு மேலே செவாலியே-மோன்ராஷே. அங்கே மண் மெல்லியது, கல் அதிகம். கீழே பத்தார்-மோன்ராஷே. அங்கே மண் கனமானது, களிமண் கூடுதல். மூன்றிலும் ஷார்டொனேதான். மேலே இருப்பது மெலிந்து கூர்மையாக இருக்கும். கீழே இருப்பது கொழுத்துத் திரண்டிருக்கும். நடுவில் இருப்பதில் இரண்டும் சேர்ந்திருக்கும். மேலிருந்து கீழே நடந்தால் சில நிமிடங்கள்தான் ஆகும்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. அடியில் இருப்பது ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல். சரிவின் உச்சியில் மண் கம்மி, குளிர் அதிகம். அடிவாரத்தில் மண் ஆழம், தண்ணீர் தேங்கும், பழம் நிறையக் காய்க்கும், ஆனால் சாறு நீர்த்துவிடும். நடுச்சரிவில் தண்ணீர் வடிந்துவிடும், காலை வெயில் நேராக விழும், வேர் கல்லுக்குள் இறங்கும். அதனால் நல்ல வயல்கள் எல்லாம் சரிவின் இடுப்பு உயரத்தில் ஒரே வரிசையாக ஓடுகின்றன. கீழே டி974 என்ற சாலை போகிறது. பல ஊர்களில் அந்தச் சாலைக்குக் கிழக்கே இருப்பது சாதாரண வயல், மேற்கே ஏற ஏற மதிப்பு கூடும்.

இந்த வயல்களை முதலில் பிரித்தது துறவிகள்தானா?

பெரும் பங்கு அவர்களுடையது. 910இல் க்ளூனி மடமும் 1098இல் சீத்தோ மடமும் இந்த மண்ணில் தொடங்கப்பட்டன. சீத்தோவில் பிறந்தவர்கள்தான் சிஸ்டெர்சியன் துறவிகள். உடல் உழைப்பை வழிபாட்டின் பகுதியாகவே நினைத்தவர்கள். தானமாக வந்த நிலங்களை நூற்றாண்டுக் கணக்கில் தாங்களே கவனித்தார்கள். எந்த மூலையில் பழம் முன்னால் பழுக்கிறது, எங்கே பனி கருக்குகிறது என்பது ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போனது. துறவிகள் மண்ணை வாயில் போட்டு ருசி பார்த்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அது கதையாகவே இருக்கட்டும். அவர்கள் கட்டிய க்ளோ த வூஜோ மதில் 50 ஹெக்டேரைச் சுற்றி இன்றும் நிற்கிறது.

அரசர்களுக்கும் பங்கு உண்டு. 1395இல் பர்கண்டிப் பிரபு இரண்டாம் ஃபிலிப், காமே திராட்சையை 'துரோகச் செடி' என்று திட்டி, அதைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். காமே சீக்கிரம் பழுக்கும், ஏராளமாகக் காய்க்கும். கொள்ளைநோயில் ஆளில்லாமல் போன நாட்டில் ஏழை விவசாயிக்கு அது வரம். பிரபுவுக்கோ தன் நாட்டு ஒயினின் பெயர் கெடுகிறதே என்ற கவலை. ஆணையை உடனே எல்லோரும் ஏற்றுவிடவில்லை. ஆனாலும் இந்தச் சரிவு பினோவுக்கு உரியது என்ற எண்ணம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

லேபிளை எப்படிப் படிப்பது?

நான்கு படிகள். அடியில் பகுதிப் பெயர்: 'பூர்கோஞ்' என்று மட்டும் இருக்கும். அடுத்து ஊர்ப் பெயர்: மெர்சோ, வொல்னே, ழெவ்ரே-ஷாம்பெர்தான் என்பவை. அதற்கு மேல் பிரீமியே க்ரூ: ஊர்ப் பெயரோடு வயலின் பெயரும் வரும். உச்சியில் கிராண்ட் க்ரூ: ஷாப்லியைத் தவிர மற்ற இடங்களில் ஊர்ப் பெயரே இருக்காது, வயலின் பெயர் மட்டும்தான். மொத்தம் 33 கிராண்ட் க்ரூக்கள். எல்லாம் சேர்த்தாலும் பர்கண்டியின் உற்பத்தியில் ஒன்றிரண்டு சதவீதம்தான் தேறும். பாதிக்குப் பாதி பகுதிப் பெயர் ஒயின்.

ஒரு இடத்தில் பலரும் ஏமாறுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஊர்கள் தங்கள் மிகப் புகழ்பெற்ற வயலின் பெயரை ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டன. 1847இல் ழெவ்ரே தன் ஷாம்பெர்தானைச் சேர்த்தது, பிறகு புலினி மோன்ராஷேயைச் சேர்த்தது. அதனால் 'ஷாம்பெர்தான்' கிராண்ட் க்ரூ; 'ழெவ்ரே-ஷாம்பெர்தான்' அந்த ஊரின் ஏதோ ஒரு வயலில் விளைந்தது. பெயரில் ஒரு சொல்தான் கூடுதல், விலையில் பல மடங்கு வித்தியாசம்.

ஒரே வயலுக்குப் பல உரிமையாளர்கள் எப்படி வந்தார்கள்?

பிரெஞ்சுப் புரட்சியில் மடங்களின் நிலம் பறிமுதல் செய்யப்பட்டு ஏலத்தில் போனது. அப்புறம் நெப்போலியன் சட்டம் வந்தது. பிள்ளைகள் எல்லோருக்கும் சொத்தில் சம பங்கு. தலைமுறைக்குத் தலைமுறை வயல் துண்டுதுண்டாகியது. துறவிகள் ஒரே தோட்டமாக வைத்திருந்த க்ளோ த வூஜோவில் இன்று சுமார் 80 உரிமையாளர்கள். சிலருக்குச் சில வரிசைச் செடிகள்தான் சொந்தம்.

எனவே வயலின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, விளைவித்தவர் யார் என்பதும் தெரிய வேண்டும். வூஜோ மதிலுக்குள்ளேயே மேல்பகுதி நல்ல சுண்ணாம்பு மண், சாலையோரக் கீழ்ப்பகுதி ஈரக் களிமண். இரண்டுக்கும் ஒரே கிராண்ட் க்ரூ முத்திரை. கவனமில்லாத ஒருவரின் கிராண்ட் க்ரூவை விட, உழைப்பாளி ஒருவரின் ஊர் ஒயின் எத்தனையோ மேல். சொந்த நிலத்தில் விளைவித்து அங்கேயே பாட்டிலில் அடைத்தால் 'தொமேன்' என்பார்கள். பலரிடம் பழமோ ஒயினோ வாங்கித் தன் பெயரில் விற்பவர் 'நெகோசியான்'. முன்னது எப்போதும் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் நல்லவர்கள் இருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு விலை?

நிலம் கம்மி, கேட்பவர்கள் உலகம் முழுக்க. வோன்-ரொமானே ஊரில் உள்ள ரொமானே-கோன்தி வயல் வெறும் 1.81 ஹெக்டேர். ஆண்டுக்குச் சில ஆயிரம் பாட்டில்கள்தான். 1760இல் கோன்தி இளவரசர் வாங்கியதால் அந்தப் பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தபோது, பெரும்பாலானவர்கள் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டார்கள். இந்த வயலில் பழைய செடிகளை 1945 வரை எப்படியோ காப்பாற்றி வைத்திருந்தார்கள். அந்தக் கடைசி அறுவடையில் கிடைத்தது சுமார் 600 பாட்டில். அதில் ஒன்று 2018இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது.

இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் போலியும் வரும். 2008இல் நியூயார்க்கில் ஒரு ஏலத்துக்கு, பொன்சோ குடும்பத்தின் க்ளோ சேன்-தெனி ஒயின் என்று 1945 முதலான ஆண்டுகளின் பாட்டில்கள் வந்தன. அந்தக் குடும்பமோ 1980களில்தான் அந்த வயலில் ஒயின் எடுக்கவே தொடங்கியது. லோரான் பொன்சோ தானே நியூயார்க் போய் அவற்றை விலக்க வைத்தார். பாட்டில்களைக் கொடுத்த ரூடி குர்னியவானுக்கு 2014இல் பத்தாண்டு சிறை கிடைத்தது.

எனக்கு அதிகம் கவலை தருவது பாட்டில் விலை அல்ல, நில விலை. 2014இல் எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமம் க்ளோ தே லாம்ப்ரே தோட்டத்தை வாங்கியது. 2017இல் கோடீசுவரர் ஃபிரான்சுவா பினோவின் (திராட்சைப் பெயர் அல்ல, குடும்பப் பெயர்) குடும்ப நிறுவனம் க்ளோ த தார் வயலை வாங்கியது. 1141இல் கன்னியாஸ்திரிகள் வாங்கிய அந்த வயலுக்கு இதுவரை நான்கே உரிமையாளர்கள். கோடீசுவரர்கள் நிலத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நில மதிப்பு ஏற ஏற, அப்பா இறந்தால் பிள்ளைகள் கட்ட வேண்டிய வாரிசு வரியும் ஏறுகிறது. தோட்டத்தில் உழைக்கும் ஒரு பிள்ளை, வெளியூரில் வேலை பார்க்கும் உடன்பிறந்தவர்களின் பங்குக்குப் பணம் தர முடியாமல் விற்க நேர்கிறது. பர்கண்டியைப் பர்கண்டி ஆக்கியதே தன் வயலைத் தானே உழும் குடும்பங்கள்தான். அவர்கள் கைவிட்டுப் போனால் அந்த அறிவும் கூடவே போய்விடும்.

போன் நகரத்து மருத்துவமனைக்கும் ஒயினுக்கும் என்ன சம்பந்தம்?

நூறாண்டுப் போரால் நாடு பசியிலும் நோயிலும் கிடந்த நேரம். 1443இல் பர்கண்டிப் பிரபுவின் தலைமை அமைச்சர் நிக்கொலா ரொலானும் அவர் மனைவி கிகோன் த சலானும் ஏழைகளுக்கென்று ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். 1452 ஜனவரி 1ஆம் தேதி முதல் நோயாளி வந்தார். அதே கட்டடத்தில் 1971 வரை நோயாளிகள் இருந்தார்கள்.

முற்றத்தில் நின்று பார்த்தால் சிவப்பு, பச்சை, மஞ்சள், பழுப்பு ஓடுகளால் கோலம்போட்ட கூரை தெரியும். உள்ளே நீண்ட கூடத்தில் இரு பக்கமும் திரை போட்ட கட்டில்கள், கோடியில் தேவாலயம். படுத்தபடியே பூசையைப் பார்க்கலாம். ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த 'இறுதித் தீர்ப்பு' ஓவியமும் இங்கேதான் இருக்கிறது.

காலம் காலமாகப் பக்தர்கள் இந்த மருத்துவமனைக்குத் திராட்சை வயல்களை எழுதிவைத்தார்கள். இன்று சுமார் 60 ஹெக்டேர் இருக்கிறது. அந்த ஒயினை 1859 முதல் ஏலத்தில் விற்கிறார்கள். இப்போது ஒவ்வொரு நவம்பர் மூன்றாம் ஞாயிறும் நடக்கிறது. பாட்டிலாக அல்ல, 228 லிட்டர் பீப்பாயாக. ஒரு பீப்பாய் தனியாக வேறொரு தர்மத்துக்கென்று ஏலம் போகும். 2022இல் அந்த ஒரு பீப்பாய் 8,10,000 யூரோ எடுத்தது. மற்றப் பீப்பாய்களின் பணம் இன்றும் போன் நகரத்து மருத்துவமனைகளுக்கே போகிறது. பர்கண்டியில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், தயங்காமல் இங்கே போகச் சொல்வேன்.

திருவிழாக்கள் உண்டா?

ஏல வாரத்தில் மூன்று நாள் கொண்டாட்டம். சனிக்கிழமை வூஜோ மாளிகையில் 'தாஸ்த்வான் வீரர்கள்' சங்கத்தின் விருந்து. ஒயின் விற்காமல் தேங்கிய மந்தக் காலத்தில், 1934இல், ஊர்க்காரர்கள் தொடங்கிய சங்கம் இது. ஞாயிறு ஏலம். திங்கள் மெர்சோவில் 'போலே'. அறுவடை முடிந்ததும் முதலாளியும் கூலியாட்களும் சேர்ந்து சாப்பிடும் பழைய வழக்கத்தை 1923இல் ழூல் லாஃபோன் மீட்டெடுத்தார். அவரவர் பாட்டிலை அவரவர் கொண்டுவந்து பக்கத்து மேசைக்காரருக்கு ஊற்றுவதுதான் அங்கே மரியாதை.

ஜனவரிக் கடைசியில் சேன்-வேன்சான் விழா. வேன்சான் திராட்சை விவசாயிகளின் காவல் புனிதர். 1938 முதல் ஆண்டுக்கு ஓர் ஊர் என்று சுற்றிவருகிறது. கடுங்குளிரில் விடியற்காலையில், ஒவ்வொரு ஊரும் தன் புனிதர் சிலையைத் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டத்து வழியே ஊர்வலமாகப் போகும். விழா எடுக்கும் ஊர் மாதக்கணக்கில் காகிதப்பூ செய்து தெருவெல்லாம் கட்டியிருக்கும். தேர் இழுத்துப் பழகிய நமக்கு இதில் அந்நியமாக ஒன்றும் தெரியாது.

சாப்பாடு எப்படி? சைவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

அசைவக்காரர்களுக்குக் கொண்டாட்டம்: சிவப்பு ஒயினில் மணிக்கணக்கில் வேகும் மாட்டிறைச்சி, பூண்டு வெண்ணெயில் நத்தை, ஒயின் குழம்பில் வேகவைத்த முட்டை. முட்டை, பால் சேர்ப்பவர்களுக்குக் கூழேர் என்ற சீஸ் பணியாரம் இருக்கிறது, சூடாகச் சாப்பிட வேண்டும். எப்வாஸ் சீஸ் திராட்சைச் சக்கைச் சாராயத்தில் கழுவிக் கழுவிப் பக்குவப்படுத்தப்படுவது. மணம் ஆளைத் தூக்கும், சுவை மென்மையானது.

டிஜோன் கடுகு பற்றி ஒன்று. அதற்கான கடுகு பெரும்பாலும் கனடாவிலிருந்து வருகிறது. அங்கே 2021இல் வறட்சி வந்ததால் 2022இல் பிரெஞ்சுக் கடைகளில் கடுகு தட்டுப்பாடே வந்தது. பர்கண்டியில் விளைந்த கடுகும் பர்கண்டி வெள்ளை ஒயினும் சேர்த்து அரைத்தது வேண்டுமென்றால் 'மூத்தார்த் த பூர்கோஞ்' என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒயினே சைவம்தானா?

எப்போதும் இல்லை. கலங்கலை நீக்க முட்டை வெள்ளைக்கருவோ, மீனிலிருந்து எடுத்த பொருளோ சேர்ப்பது பழைய முறை. இப்போது பலர் எதையும் சேர்க்காமல் தானாகத் தெளிய விடுகிறார்கள். தயாரிப்பாளரிடமே கேட்டுவிடுவது நல்லது, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பருவநிலை மாற்றம் பாதிக்கிறதா?

நன்றாகவே பாதிக்கிறது, அதற்குச் சான்றும் அங்கேயே இருக்கிறது. போன் நகரத்து அறுவடைத் தேதிகள் 1354 முதல் பதிவாகியுள்ளன. 2019இல் வெளிவந்த ஆய்வுப்படி, 1987 வரை அறுவடை சராசரியாக செப்டம்பர் 28இல் தொடங்கியது. 1988க்குப் பிறகு 13 நாள் முன்னதாக வந்துவிட்டது. இப்போது ஆகஸ்டிலேயே கத்தரிக்கோல் எடுக்கும் ஆண்டுகளும் வருகின்றன.

குளிர்காலம் சூடாக இருந்தால் மொட்டு சீக்கிரம் விடும், ஏப்ரலில் ஒரு இரவு உறைபனி இறங்கினால் கருகிவிடும். 2021 ஏப்ரலில் அப்படித்தான் பெருநட்டம் வந்தது. அந்த இரவுகளில் விவசாயிகள் செடிகளுக்கு நடுவே பெரிய மெழுகுச் சட்டிகளை ஏற்றிவைத்துக் காவல் காப்பார்கள். ஷாப்லியில் மொட்டின் மேல் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் உள்ளே இருக்கும் மொட்டைக் காப்பாற்றும்.

எதில் தொடங்கலாம்?

புகழ்பெற்ற பெயர்களை மறந்துவிடுங்கள். வெள்ளையில் சேன்-வேரான், ருயீ, சாதாரண ஷாப்லி. சிவப்பில் மார்சனே, ழிவ்ரி, மெர்க்யூரே. அலிகோத்தேயைப் பல காலம் மட்டமாகவே பேசினார்கள். டிஜோன் மேயராக இருந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் கீர், பிளாக்கரன்ட் என்ற சிறு கரும்பழத்தில் செய்த இனிப்பு மதுவை அதில் கலந்து விருந்தினர்களுக்குக் கொடுத்தார். அந்தக் கலவைக்கே கீர் என்று பெயர் வந்துவிட்டது. பழைய செடியிலிருந்து அக்கறையாக எடுத்த அலிகோத்தேக்கு எந்தக் கலவையும் தேவையில்லை. முடிந்தால் ஒரே தயாரிப்பாளரின், ஒரே ஆண்டின், இரண்டு வயல்களின் ஒயினை அருகருகே வைத்துப் பாருங்கள். கிளிமா என்பது அப்போதுதான் நாக்குக்குப் புரியும். சிவப்பை அறை வெப்பத்தில் கொடுக்காதீர்கள். நம் வெயிலுக்கு அது கொதித்துப் போகும். 15 டிகிரி பக்கம் இருந்தால் சரி.

குடிக்காதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

நிறைய. குடிப்பது கட்டாயமே இல்லை. மதுவில் பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. கல் மதில்களும், தோட்டத்து நடுவே மழைக்கு ஒதுங்கக் கட்டிய 'கபோத்' கல் குடிசைகளும், ரோமனெஸ்க் தேவாலயங்களும், டிஜோனின் பிரபுக்கள் அரண்மனையும் இருக்கின்றன. போன் நகரத்திலிருந்து சாந்தெனே வரை தோட்டங்களுக்குள்ளேயே சைக்கிள் பாதை போகிறது, சுமார் 20 கிலோமீட்டர். பொமார், வொல்னே, மெர்சோ, புலினி என்று லேபிளில் படித்த பெயர்கள் எல்லாம் வழியில் ஊர்ப்பலகைகளாக வரும்.

எப்போது, எப்படிப் போகலாம்?

பாரிஸ் கார் த லியோன் நிலையத்திலிருந்து டிஜோனுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம் சொச்சம். பாரிஸில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு நாள் பயணமாகவே முடியும். டிஜோனிலிருந்து போன் நகரத்துக்கு உள்ளூர் ரயில் இருக்கிறது. மே, ஜூன் இதமான காலம். அறுவடை நேரத்தில் தோட்டம் பார்க்க அழகு, ஆனால் யாருக்கும் பேச நேரமிருக்காது. ஏல வாரத்தில் அறை கிடைப்பது கடினம். சின்னத் தயாரிப்பாளர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே நிலவறைக் கதவைத் திறந்து, பீப்பாயிலிருந்து எடுத்து ஊற்றுவார்கள். ருசி பார்த்துத் துப்புவது அங்கே அவமரியாதை இல்லை. காரை ஓட்ட வேண்டியவர் துப்பியே ஆக வேண்டும்.